சில்லர் டியூபுக்கு எது சரி: பிரஷ்ஷா, அசிட்டா, பந்தா?

யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டுக் கேத்தலின் அடியில் எப்போதும் வெள்ளை ஓடு கட்டியிருக்கும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான். கொழும்பில் வருடக்கணக்காகத் தண்ணீர் கொதிக்க வைத்தாலும் அந்த ஓடு வருவதில்லை. களனி ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. வாட்டர் கூல்ட் சில்லரின் (பெரிய கட்டட ஏசிக்குத் தண்ணீரைக் குளிராக்கும் மெஷின்) கண்டென்சரை, அதாவது தண்ணீர் ஓடும் செப்பு டியூபுகளால் வெப்பத்தை வெளியே தள்ளும் பாகத்தை, எப்படிக் கழுவுவது என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கேத்தலில் இருந்துதான் தொடங்குவேன். உள்ளே இருப்பது சேறா சுண்ணாம்பா என்று தெரிந்தால்தான் முறையைத் தெரிவு செய்ய முடியும்.

பிரஷ்தான் என் கட்சி. கட்டடம் மூடியிருக்கும் ஒரு போயா நாளில் கண்டென்சரின் இரண்டு பக்க மூடியையும் கழற்றுவோம். கழற்றியதும் குளத்தடிச் சேற்று வாசனை வரும். டியூபுக்குள் விரலை விட்டால் வெண்டிக்காய் நறுக்கிய கத்தி மாதிரி வழுவழுக்கும். பார்க்க மெல்லிய படலம்தான், ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அது தண்ணீரைவிடப் பெரிதாக மேலில்லை. பக்கத்திலேயே செம்பு இருந்தும் பயனில்லாமல் போகிறது. சுழலும் பிரஷ்ஷை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் தேநீர் நிறத்தில் தண்ணீர் துப்பும். முடிந்த டியூபுக்குச் சோக்கால் அடையாளம் வையுங்கள். இருநூறு சொச்சம் டியூபில் இரண்டு தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் மறுமுனையில் டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சுருள் வரிகள் மின்ன வேண்டும். அந்த வரிகளுக்காகத்தான் நைலோன் பிரஷ் என்கிறேன். கம்பிப் பிரஷ் அவற்றைக் கீறிவிடும்.

இதன் குறை, மெஷினை ஒரு நாளாவது நிறுத்த வேண்டும். கல்லாக இறுகிய படிவையும் நைலோன் அசைக்காது.

அங்கேதான் அசிட் வருகிறது. மூடியைத் திறக்காமலே பம்ப் வைத்துச் சுற்றவிடலாம் என்பதால் ஒப்பந்தக்காரர்களுக்கு இது செல்லப்பிள்ளை. சில வருடங்களுக்கு முன் நானும் ஏமாந்தேன். நாள் முழுக்கச் சல்ஃபாமிக் அசிட் ஓடியது. “நல்லா க்ளீன் ஆயிட்டுது சேர்” என்றார்கள். அடுத்த வாரம் மீட்டரில் ஒரு மாற்றமும் இல்லை. திறந்து பார்த்தால் அதே சேறு. கால்சியம் காபனேற்று என்றால் அசிட் பட்டதும் நுரைக்கும், கரையும். சேற்றை அது என்ன செய்யும்? ஜிப்சமும் சிலிக்காவும்கூட இலகுவில் கரையாது. படிவில் கொஞ்சம் சுரண்டி ஒரு கோப்பையில் அசிட் விட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அசிட்தான் வேண்டும் என்று தெரிந்தால், அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்ததையே கேளுங்கள். மலிவு என்று வெறும் ஹைட்ரோகுளோரிக்குக்குப் போகாதீர்கள். முடிவில் சோடாத் தூள் போட்டு நடுநிலையாக்க வேண்டும். முக்கியமாக, கண்டென்சர் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவருக்குப் போடும் குளோரின் மருந்தும் அசிட்டும் சந்திக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

மூன்றாவது, பந்து. டியூபைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பொஞ்ச் பந்துகள் தண்ணீரோடு டியூபுகளுக்குள் நுழைந்து துடைத்துக்கொண்டு போகும். வெளியேறும் பைப்பில் ஒரு சல்லடை அவற்றைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இது பொருத்தம். ஆனால் ஏற்கெனவே அழுக்கான டியூபை இது மீட்காது, சுத்தமானதைச் சுத்தமாக வைத்திருக்கும், அவ்வளவுதான். பந்து தேயும், மாற்ற வேண்டும். சல்லடையை யாரும் கவனிக்காவிட்டால் பந்துகளை டவரில்தான் தேட வேண்டிவரும். மாலையில் மூடும் ஒரு அலுவலகத்துக்கு இந்தச் செலவு எனக்கு அதிகமாகப் படுகிறது.

எப்போது கழுவுவது? நாட்காட்டியைவிட அப்ரோச்சை நம்புங்கள். கண்டென்சரில் குளிரூட்டி வாயு திரவமாகும் வெப்பநிலையில் இருந்து கண்டென்சரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது அது. கழுவிய மறுநாள் எவ்வளவு என்று எழுதி வைத்து, அதே லோடில் ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். அது 2 பாகை கூடினால் திறக்கும் நேரம் வந்துவிட்டது. திரவமாகும் வெப்பநிலை ஒரு பாகை ஏறினாலே கம்ப்ரஸர் ஏறக்குறைய 2 முதல் 3 வீதம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். ஒரு விஷயம்: ஆர் 123 என்ற குளிரூட்டியில் ஓடுவது மாதிரிக் குறைந்த அழுத்த மெஷினில் காற்று புகுந்தாலும் அப்ரோச் ஏறும். அந்தக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் யூனிட்டைப் பார்க்காமல் பிரஷ்ஷைத் தூக்காதீர்கள்.

கொழும்பில் சுண்ணாம்பு வரவே வராது என்றும் நினைக்க வேண்டாம். டவரில் ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். தண்ணீர் பில்லைக் குறைக்கிறேன் என்று யாரோ, உப்பேறிய தண்ணீரை வெளியே விடும் பிளீட் வால்வை மூடிவிட்டால் களனித் தண்ணீரும் யாழ்ப்பாணக் கிணறாகிவிடும். எங்கள் கட்டடத்தில் அந்த வால்வின் கைப்பிடியைக் கழற்றி என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.