மாடி எடுக்க எந்த ஒப்பந்தம்: லேபரா, மெட்டீரியலோடா?

கீழே குடியிருந்துகொண்டே மேலே 6 சதுரம், அதாவது 600 சதுர அடி எடுக்கலாம் என்றதும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி: "லேபர் மட்டுமா சார், மெட்டீரியலோடவா?" கீழ்வீடு மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இரண்டுமே, அது தனிக் கதை.

லேபர் என்றால் சாமான் வாங்குவது நம் தலையில். சிமெண்ட் மூட்டைக்கு 50 கிலோ, எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட்டுக்கு 100 கன அடி. லோடு இறங்கும்போது அளந்து பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். மணல் வராத நாளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்தால் கூலி யார் கணக்கு? எழுதாவிட்டால் நம் கணக்கு. சேதாரத்தைப் பற்றி மேஸ்திரிக்குப் பெரிய கவலையும் இருக்காது. ஆனால் என்ன கம்பி, என்ன சிமெண்ட் என்பது நம் கண்முன்னே நடக்கும்.

மெட்டீரியலோடு என்றால் சதுர அடிக்கு ஒரே ரேட். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இதுதான் தோது. வம்பெல்லாம் "தரமான பொருட்கள்" என்ற இரண்டே வார்த்தையில் வரும். சிமெண்ட் பிராண்ட், கம்பியின் விட்டம், இடைவெளி, கான்கிரீட் எம்20 (அதன் வலிமைத் தரம்), டைல்ஸ் என்ன விலை வரை என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் சேர்த்து.

எதை எடுத்தாலும் அந்தச் சதுர அடியை எப்படி அளப்பது என்பதில்தான் சண்டை. மாடிப்படி, அதன் தலைக்கு மேல் வரும் ஹெட்ரூம், சன்ஷேடு முழு அளவா, பாதியா? அப்புறம் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். இவை வாடகைச் சாமான். சீக்கிரம் பிரிக்கத்தான் பார்ப்பார்கள். அதனால் நாள் கணக்கை எழுதிவிடுங்கள். பணமும் முடிந்த வேலைக்கு மட்டும், கட்டம் கட்டமாக.

வீட்டில் அப்பா இருந்ததால் நாங்கள் லேபரை எடுத்தோம். மூன்று பக்கம் ஒப்பந்தம் எழுதினேன். மொட்டைமாடித் தட்டோட்டைப் பெயர்ப்பது, கைப்பிடிச் சுவரை இடிப்பது எல்லாம் இருந்தது. இடித்த குப்பையை யார் அள்ளுவது என்பது மட்டும் இல்லை. டிராக்டர் வாடகையை நாங்கள்தான் கொடுத்தோம்.