டெயில்ஸ்கேல்: வீட்டு கேம் சர்வருக்கு ஒரு தனி லைன்

டெயில்ஸ்கேல் என்பது வெவ்வேறு இடங்களில் உள்ள கருவிகளை இணையம் வழியாக ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் நிரல். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்கும் வசதியைத்தான் புகழ்கிறார்கள். நான் அதை நிறுவியிருப்பது பேரப்பிள்ளைகள் மைன்கிராஃப்ட் விளையாடுவதற்காக. மகன் புதிது வாங்கியபோது விட்டுப்போன கேமிங் கணினி, திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியறையில் சர்வராக ஓடுகிறது. மகள் வயிற்றுப் பேரன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான். மகன் வயிற்றுப் பேத்தி சென்னையிலிருந்து. பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கையின் பேரன் டேப்லெட்டோடு வருகிறான். தொலைபேசித் துறையில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். சர்வர் பராமரிப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் புகார் வந்ததும் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பழுது கருவியிலா, லைனிலா, எக்ஸ்சேஞ்சிலா? இதைப் பிரிக்காமல் கருவியைக் கழற்றுகிறவனை மேலதிகாரிகள் சும்மா விடமாட்டார்கள். கேம் சர்வர் பழுதுக்கும் அதே வரிசைதான். டெயில்ஸ்கேலை நான் மதிப்பிடுவதும் அந்தப் பிரித்தறிதலுக்கு அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை வைத்துத்தான்.

புகார் இதுதான். வீட்டு வைஃபையில் இருந்தால் சர்வருக்குள் போக முடிகிறது, வெளியிலிருந்து முடியவில்லை. மைன்கிராஃப்ட் காட்டும் பிழைச் செய்தியை யாரும் படிப்பதில்லை. அதில்தான் பாதி விடை இருக்கிறது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் கோரிக்கை கணினிவரை வந்துவிட்டது, ஆனால் அந்த போர்ட்டில், அதாவது கணினியில் அந்த நிரலுக்கான கதவு எண்ணில், சர்வர் நிரல் ஓடவில்லை என்று பெரும்பாலும் பொருள். ‘நேரம் கடந்துவிட்டது’ என்று வந்தால் கோரிக்கைக்கு எந்தப் பதிலும் இல்லை. ஒன்று வழியில் தொலைந்திருக்கும், அல்லது ஃபயர்வால் என்ற தடுப்பு நிரல் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். எங்களுக்கு வந்தது இரண்டாவது. விண்டோஸ் ஃபயர்வாலில், சர்வரை ஓட்டும் ஜாவாவுக்கு அனுமதி இருந்தது. ரௌட்டரில் 25565 போர்ட்டும் திறந்திருந்தது. ஆக, கருவி நன்றாக இருக்கிறது, லைனைப் பார்க்க வேண்டும்.

ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற ஐபி முகவரி என்று ஒரு வரி இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீட்டுக்குச் சொந்தமாகப் பொது முகவரி கிடையாது. ஐபிவி4 எனப்படும் பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவை தீர்ந்துபோன நிலையில், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்க இணைய நிறுவனங்களுக்கென்று 2012இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசை இது. பெரிய அலுவலகத்தில் ஒரே போர்டு நம்பருக்குப் பின்னால் நூறு எக்ஸ்டென்ஷன் இருக்குமே, அந்த மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே அழைக்கலாம். வெளியே இருப்பவர் நேராக எக்ஸ்டென்ஷனுக்கு அடிக்க முடியாது. இந்த நிலையில் உங்கள் ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. அடைப்பு இருப்பது நிறுவனத்தின் கருவியில்.

எங்கள் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இதைச் சொன்னபோது ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். பெயர் வேண்டாம், எந்த நிறுவனத்தைக் கேட்டாலும் முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். நிலையான ஐபி வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகவும் போகலாம், ஆனால் இரு முனையிலும் அது ஒழுங்காக இருக்க வேண்டும்.

டெயில்ஸ்கேல் வேறு வழியில் போகிறது. சர்வரிலும், விளையாடுகிற ஒவ்வொருவர் கருவியிலும் அதை நிறுவி உள்நுழைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கிடைக்கிறது. மைன்கிராஃப்டில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், அந்த முகவரியும் அதே 100.64 வரிசையிலிருந்துதான் வருகிறது. பூட்டிய கையாலேயே திறந்துவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது இது. நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு சர்வர், இரு முனைகளுக்கும் மற்றவர் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தென்படுகிறார் என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே செய்தி அனுப்புகின்றன. நடுவிலுள்ள கருவிகள், உள்ளே வருவதைத் தாங்கள் அனுப்பியதற்கான பதில் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகின்றன. நேர் பாதை திறந்துவிடுகிறது. சில நெட்வொர்க்குகள் இதற்கு மசியாது. ஒவ்வோர் இலக்குக்கும் போர்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். அப்போது டெர்ப் எனப்படும் இடைநிலை சர்வர்கள் வழியாகப் போகும். பெங்களூரிலும் ஒன்று உண்டு. மறையாக்கம் வயர்கார்டு முறை. 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிலேயே சேர்க்கப்பட்ட முறை அது. சாவிகள் முனைகளிலேயே இருப்பதால் இடைநிலை சர்வருக்கு உள்ளடக்கம் தெரியாது. கனடாவின் டொராண்டோவில் 2019இல் தொடங்கிய நிறுவனம். தனிநபர் திட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

நிறுவியதும் பேரன் உள்ளே வந்துவிட்டான். என்னை வென்றது அது இல்லை, டெயில்ஸ்கேலின் பிங் கட்டளை. சாதாரண பிங், மறுமுனையிலிருந்து பதில் வர ஆகும் நேரத்தை மட்டும் சொல்லும். இது, பதில் டெர்ப் வழியாக வந்ததா, நேராக வந்ததா, நேராக என்றால் எந்த முகவரியிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. முதல் பதில்கள் சுற்றுவழியில் வந்து, பிறகு நேர் பாதைக்கு மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். எக்ஸ்சேஞ்சில் லைனைச் சோதிக்கும் டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிங்கப்பூர் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 32 மில்லி நொடி. அந்தக் கேபிளில் அதற்குக் கீழே எந்த நிறுவனமும் இறக்கித் தர முடியாது. திண்டுக்கல் வரைக்கும், ஊருக்குள் உள்ள கருவிகளுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும். பேரன் காட்டிய நேர் பாதை எண் அந்தக் கணக்கை ஒட்டித்தான் இருந்தது. ஆனாலும் “அம்மாச்சி, ரொம்ப இழுக்கிறது, உடைத்த கல் திரும்ப வந்துவிடுகிறது” என்று ஒரே புகார். லைன் சுத்தமாக இருக்கும்போது இழுத்தால் பழுது கருவியில்.

சர்வர் பதிவைத் திறந்தால் ‘ஈடுகொடுக்க முடியவில்லை’ என்ற எச்சரிக்கை வரிசையாக நிற்கிறது. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 50 மில்லி நொடிதான். பார்வைத் தூரம் இயல்பாக 10 என்று இருக்கும். அதாவது ஒவ்வொரு ஆட்டக்காரரைச் சுற்றியும் 21க்கு 21, மொத்தம் 441 நிலத்துண்டுகள். அதை 6 ஆக்கினால் 169. பழைய கணினிக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய விடுதலை. தூரத்து மலை தெரியவில்லை என்று பேத்தி மட்டும் குறைபட்டாள்.

அடுத்தது கணினி தானாக அணைந்து எழுந்த கதை. பிள்ளைகள் உடனே டெயில்ஸ்கேல் அறுந்துவிட்டது என்றார்கள். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 41 என்ற எண் இருந்தது. பலர் இதையே காரணம் என்று நினைத்துப் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் முதல் சந்தேகம் இன்வெர்ட்டர் மீது போகும். மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி அதிகமாக இருந்தால் கணினி அணைந்துவிடும், அதற்காகத்தான் இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஆனால் மின்வெட்டே இல்லாத நேரத்திலும் அணைந்தது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து புதிய மதர்போர்டுகளிலும் அது நன்றாக ஓடுகிறது. காலையில் திரை முழுக்கச் சிவப்பு. கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில், ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை அணைத்து, ரேம் இயல்பு வேகத்தில் ஓடியதும் பிழைகள் நின்றன, கணினி அணைவதும் நின்றது. இதில் டெயில்ஸ்கேலுக்குப் பங்கு எதுவும் இல்லை. லைன் குற்றவாளி இல்லை என்று முன்பே தெரிந்திருந்ததால் நேரே ரேமுக்குப் போக முடிந்தது, அவ்வளவுதான்.

இனி குறைகள். பெரியது சாவிக் காலாவதி. ஒவ்வொரு கருவியின் அனுமதியும் இயல்பாக 180 நாளில் முடிந்துவிடும். கையில் இருக்கும் கைப்பேசிக்கு இது நல்ல பாதுகாப்பு. மாடியில் தனியாக ஓடும் சர்வருக்கு இது தலைவலி: ஒரு நாள் எல்லோருக்கும் திடீரென்று இணைப்பு போய்விடும், வேறு எதிலும் பழுது தெரியாது. நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வைக்கலாம். நிறுவும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்தது விண்டோஸ் சார்ந்தது. மின்சாரம் வந்ததும் கணினி தானே எழ பயாஸில் அமைத்துவிடலாம். ஆனால் யாரும் உள்நுழையாத வரை டெயில்ஸ்கேல் இணையாது; ‘ஆளில்லாமல் இயங்கு’ என்ற விருப்பத்தைத் தேர்ந்திருக்க வேண்டும். மின்வெட்டு சகஜமான ஊரில் இதுவும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி.

உள்நுழைவதற்கு கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற கணக்கு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது எளிதில்லை. நான் பிள்ளைகளின் பெற்றோர் கணக்குக்குப் பகிர்வு இணைப்பு அனுப்பினேன்; என் நெட்வொர்க்கில் அவர்களுக்குத் தெரிவது அந்த ஒரு சர்வர் மட்டும். அந்தக் கணினியிலும் 25565 போர்ட்டைத் தவிர எதையும் தொட முடியாதபடி விதி எழுதலாம். விதிகளை எழுதும் இடம் நிரல் எழுதுவது போலிருக்கிறது. கமா ஒன்று தவறினால் ஏற்காது. எனக்குப் பழகிவிட்டது, என் தங்கைக்கு நான் சொல்லித்தர மாட்டேன்.

அவள் பேரனின் டேப்லெட்டில் இருப்பது மைன்கிராஃப்டின் பெட்ராக் பதிப்பு; எங்கள் சர்வர் ஜாவா பதிப்பு. ஜாவா சர்வருக்குள் அது வர கெய்சர் என்ற இணைப்பியைச் சேர்க்க வேண்டும். அது 19132 போர்ட்டில் யுடிபி முறையில் பேசும். ஒரே வீட்டில் இருக்கும்போது சர்வர் தானாகப் பட்டியலில் தெரியும் வசதி டெயில்ஸ்கேல் வழியாக வேலை செய்யாது. முகவரியைக் கையால் சேர்க்க வேண்டும். டெயில்ஸ்கேலும் விபிஎன் எனப்படும் தனி நெட்வொர்க் வகைதான்; ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், வேறு விபிஎன் வைத்திருப்பவர்கள் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

முன்பின் தெரியாதவர்கள் வந்து விளையாடும் சர்வர் வைக்க நினைத்தால் இதை நாட வேண்டாம்; எல்லோரையும் நிறுவச் சொல்ல முடியாது. அதற்கு பிளேஇட் போன்ற சுரங்கவழிச் சேவை இருக்கிறது: சர்வரில் மட்டும் நிறுவினால் போதும், பொது முகவரி கிடைக்கும், போக்குவரத்து முழுக்க அவர்கள் வழியாகப் போகும். எனக்கு அது வேண்டாம். 25565 போர்ட் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்கத் துழாவிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு வெளியாரின் கோரிக்கைகூட வந்துசேரக் கூடாது, இதில் வருவதில்லை.

பேத்தியின் பிறந்தநாளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கித் தரப்போவதாக மகன் சொல்கிறான். அதில் டெயில்ஸ்கேலை நிறுவ முடியாது. பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும்கூட முடியாது. பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறேன்.