கிரௌன் ராயல், கனடியன் கிளப், செவன் கிரௌன்: மூன்று மென்மையான விஸ்கிகள், ஒரு அலசல்

மூன்று பாட்டிலிலும் 40 சதவீத ஆல்கஹால். மூன்றையும் குடிப்பவர்கள் 'ஸ்மூத்' என்ற ஒரே சொல்லால்தான் புகழ்வார்கள். ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்களில் 30 மில்லி வீதம் ஊற்றி, முதலில் ராவாக, அடுத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, அப்புறம் ஐஸ் போட்டுக் குடித்துப் பார்த்தேன். மூன்றும் மென்மைதான். ஆனால் மென்மை வந்த வழி வேறு, அது நாக்குக்கு நன்றாகவே தெரிகிறது.

கனடாவில் கலப்பு விஸ்கிக்கு அடித்தளம் பெரும்பாலும் மக்காச்சோளம். அதை மிகத் தூய்மையாக வடித்து, லேசான விஸ்கி ஒன்றை உருவாக்குகிறார்கள். ரை தானியத்தில் வடித்த காரசாரமான விஸ்கி, சுவைக்காகக் கொஞ்சம் சேரும். இதில் முக்கியமான சங்கதி, அந்த லேசான அடித்தள விஸ்கியும் 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில், கனடா மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டு ஊற வேண்டும் என்பது சட்டம். சுமார் 9 சதவீதம் வரை வேறு மதுவோ ஒயினோ கலக்கச் சலுகை உண்டு என்றாலும், கிளாஸில் இருப்பதில் பெரும்பகுதி மரத்தோடு பழகியதுதான்.

அமெரிக்காவில் 'பிளெண்டட் விஸ்கி' என்று விற்க, 20 சதவீதம் ஸ்ட்ரெயிட் விஸ்கி இருந்தால் போதும். ஸ்ட்ரெயிட் என்றால், கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு கிடந்தது. மீதி, பீப்பாயையே பார்க்காத, கிட்டத்தட்ட சுத்த ஆல்கஹாலான நியூட்ரல் ஸ்பிரிட்டாக இருக்கலாம். சீக்ராம்ஸ் செவன் கிரௌன் பாட்டிலின் லேபிளிலேயே 75 சதவீதம் நியூட்ரல் ஸ்பிரிட் என்று இருக்கும். கனடாவினுடையது ஊறிப் பக்குவமான மென்மை. அமெரிக்காவினுடையது காட்டமான சரக்கில் சுவையற்ற சரக்கை ஊற்றி எடுத்த மென்மை.

இதில் ஆச்சரியம், கிரௌன் ராயலும் செவன் கிரௌனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சீக்ராம் நிறுவனத்தை நடத்திய சாமுவேல் பிரான்ஃப்மன் காலத்தில் பிறந்தவை. அமெரிக்க மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோது அங்கே ஊறிய விஸ்கிக்குப் பெரும் பஞ்சம். இருப்பதைக் கலந்து பெருக்கினால்தான் ஊருக்கே ஊற்ற முடியும் என்ற நிலையில், 1934-இல் செவன் கிரௌன் வந்தது. கிரௌன் ராயலின் கதை நேர்மாறு. 1939-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் கனடா வந்தபோது, அவர்களுக்கென்றே நிதானமாகத் தேர்ந்து கலந்தது. பாட்டிலைப் போட்டுத் தரும் ஊதா நிறச் சுருக்குப்பை அந்த ராஜ மரியாதையின் மிச்சம்.

சரி, கிளாஸுக்கு வருவோம்.

கிரௌன் ராயலை மோந்து பார்த்தால் வெண்ணிலா, பழுத்த ஆப்பிள், லேசாக மரவாசம். வாயில் வைத்ததும் ஒரு கொழகொழப்பு, பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் கரைவது போல. தொண்டையில் எரிச்சலே இல்லை. ராவாகக் குடிக்க மூன்றில் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை என்றால் அந்த இனிப்புதான். முதல் கிளாஸில் கொஞ்சலாக இருப்பது, இரண்டாவதில் திகட்டுகிறது. ஐஸ் உருகத் தொடங்கினால் ஆப்பிள் வாசம் முதலில் மறைந்துவிடுகிறது, இனிப்பு மட்டும் தங்கிவிடுகிறது. விலையும் மற்ற இரண்டைவிடக் கணிசமாக அதிகம்.

என் மனம் நின்றது 'கனடியன் கிளப் 1858' என்ற பாட்டிலில். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வியாபாரி ஹைரம் வாக்கர், ஆற்றைத் தாண்டி, இன்று கனடாவின் வின்ட்சர் நகரத்தில் இருக்கும் இடத்தில் 1858-இல் தொடங்கிய வடிசாலையின் விஸ்கி. கனவான்களின் கிளப்புகளில் ஓடியதால் முதலில் 'கிளப் விஸ்கி' என்றுதான் பெயர். விற்பனை கண்டு பொறுக்காத அமெரிக்க வடிப்பாளர்கள், நாட்டின் பெயரை லேபிளில் போட வேண்டும் என்று நெருக்க, 'கனடியன்' என்ற சொல்லே அதற்குக் கௌரவமாகிப் போனது. மதுவிலக்குக் காலத்தில் ஆறு உறைந்தபோது பனிக்கட்டி மேல் கார் ஓட்டிக் கனடாச் சரக்கை அக்கரைக்குக் கடத்தினார்கள்.

பல வடிசாலைகள் ஒவ்வொரு விஸ்கியையும் தனித்தனியாக ஊறவைத்துக் கடைசியில் கலக்கும். கனடியன் கிளப் முதலிலேயே கலந்து, அந்தக் கலவையைத்தான் பீப்பாயில் இறக்குகிறது. குழம்பை முந்தின நாளே வைத்து மறுநாள் சாப்பிட்டவர்களுக்கு இதன் பலன் எளிதில் புரியும். ராவாகக் குடித்தால் உடம்பு சற்று மெலிவு, ஒப்புக்கொள்கிறேன். லேசான நெடியும் உண்டு. ஆனால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டதும் நெடி அடங்கி, மிளகும் கிராம்பும் தொட்டது போல ரை எழுந்து வருகிறது. பின்னாலேயே ஆரஞ்சுத் தோல் வாசம். ஐஸ் பாதி உருகிய பிறகும் அந்தக் காரம் விலகவில்லை. ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிக் குளிர்பானம் சேர்த்தால் இஞ்சியும் ரையும் கைகோத்துக்கொள்கின்றன. (கனடாவில் மக்காச்சோள விஸ்கியைக்கூட 'ரை' என்றே கேட்டு வாங்குவார்கள். சட்டமும் அந்தப் பெயரை அனுமதிக்கிறது.)

செவன் கிரௌனைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. முகர்ந்தால் நெடி முந்துகிறது, பின்னால் மெல்லிய கேரமல். வாயில் இனிப்பாகத் தொடங்கி, விழுங்கியதும் தடமில்லாமல் போய்விடுகிறது. தண்ணீர் விட்டால் இருந்த சுவையும் கரைந்துவிடும். உயரமான கிளாஸ், நிறைய ஐஸ், செவன் அப், ஒரு எலுமிச்சைத் துண்டு என்று சேர்த்தால் மட்டும் வெயில் நேரத்துக்கு இதமாக இறங்குகிறது. 'செவன் அண்ட் செவன்' என்ற பானம் அமெரிக்காவில் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சீக்ராம்ஸ் பெயரை ராயல் ஸ்டாக், பிளெண்டர்ஸ் பிரைடு பாட்டில்களில் பார்த்தவர்கள் இதையும் அவற்றின் உறவாக எண்ண வேண்டாம். சீக்ராமின் சொத்துகள் பிரிந்தபோது இந்தியப் பிராண்டுகள் பெர்னோ ரிக்கார்ட் நிறுவனத்திடமும், செவன் கிரௌனும் கிரௌன் ராயலும் டியாஜியோ நிறுவனத்திடமும் போய்விட்டன.

விஸ்கியே பழக்கமில்லாத நண்பர் முதன்முதலாக ருசி பார்க்கக் கேட்டால் கிரௌன் ராயலைக் கொடுப்பேன், ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி. கூட்டமாக வருகிறார்கள், எல்லோரும் சோடாவோ குளிர்பானமோ கலந்துதான் குடிப்பார்கள் என்றாலும் செவன் கிரௌனை எடுக்க மாட்டேன். கிட்டத்தட்ட அதே காசுக்குக் கனடியன் கிளப் கிடைக்கும்போது எதற்கு? எனக்கென்று மாலையில் ஊற்றிக்கொள்வதும் அதைத்தான். இரண்டு ஐஸ்கட்டி போட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பேன்.