நட்டைப் பார்த்து வாங்கிய வைஸ்கள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டுப் பின்கட்டில் மூன்று பழைய வைஸ் இருக்கின்றன. வைஸ் என்பது சாமானை இரண்டு தாடைக்கு நடுவே கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி. ஒன்று நாலு அங்குல ரெக்கார்டு. இன்னொன்று பார்க்கின்சன் பெர்ஃபெக்ட். இரண்டும் தயாரிப்புப் பேர். மூன்றாவது பேரே இல்லாத, தரையில் கால் ஊன்றி நிற்கும் கால் வைஸ். மூன்றும் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிலோ கணக்கில் எடுத்தவை. பத்து வருஷத்துக்கு மேல் இவற்றில்தான் என் வேலை எல்லாம்: பம்ப் ஷாஃப்ட், கேட் கீல், சைக்கிள் ஹப், தெருவில் யாராவது தூக்கிக்கொண்டு வரும் உடைந்த சாமான். நடுவில் லிங்கி செட்டி தெருவில் புதிதாக ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பழைய வைஸ் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பேரை. வார்ப்பில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால் போதும், கை பரபரக்கும். நான் பேரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் பாக்ஸ் நட். ஹேண்டிலைத் திருகினால் சுழலும் நீளத் திருகுதான் ஸ்பிண்டில். அது சுழலும்போது தாடையை இழுத்துப் பிடிப்பது இந்த நட்தான். வெளியே தெரியாது, அதனால் யாரும் எண்ணெய் விட்டிருக்க மாட்டார்கள். முப்பது நாற்பது வருஷம் ஃபேக்டரியில் உழைத்த வைஸில் உடம்பு கல் மாதிரி இருக்கும், நட் மட்டும் தேய்ந்து தாள் கனத்தில் நிற்கும்.

பார்ப்பதற்கு ஒரே வழி, ஹேண்டிலைத் திருகித் திருகி முன்தாடையை முழுசாக வெளியே உருவிவிடுவது. ஆட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கால் சுற்று, அரைச் சுற்று லூஸ் இருப்பது பெரிய குறையே இல்லை. முடுக்கிவிட்டால் அந்த லூஸ் போய்விடும். மரையில், அதாவது திருகின் புரியில், எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சதுர மரையின் தலை தட்டையாக இருக்க வேண்டும். கூர்ந்துபோயிருந்தால் அது கடைசிக் காலத்தில் இருக்கிறது. ஸ்பிண்டிலில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது. வைஸை யாரும் முழுக்கத் திறந்து வேலை செய்வதில்லை, அதனால் தாடை மூடியிருக்கும்போது நட்டுக்குள் இருக்கும் பகுதிதான் அதிகம் தேயும். நுனியில் புது மரை பளபளக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு ரெக்கார்டைக் கொடுத்த பாய், நான் கழற்றிப் போட்டு டார்ச் அடித்துப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “இன்னாபா, பொண்ணு கல்யாணத்துக்கு நகையா வாங்குற? இரும்புபா இது. பின்னி மில்லு சரக்கு, கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ” என்றார். “பாய், மில்லு மூடினது 1996. போன மாசம் வேற ஒண்ணு காட்டி அதையும் பின்னி மில்லுன்னீங்களே” என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார். கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டால், வட சென்னையில் விற்கும் பழைய வைஸ் எல்லாமே ஒன்று பின்னி துணி மில்லிலிருந்து வந்தது, இல்லையென்றால் துறைமுகத்திலிருந்து வந்தது. கிலோ 90 ரூபாய்க்குக் கொடுத்தார். மொத்தம் 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

ரயில்வே சரக்கு என்று சொன்னால் மட்டும் நான் சிரிப்பதில்லை. பெரம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது தெரியும். 1951இல் தெற்கு ரயில்வே வருவதற்கு முன்பு இங்கே இருந்தது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. எம்.எஸ்.எம். என்று குத்திய வைஸ் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருந்தால் பிடிப்பதற்கென்றே 1966இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்ததற்கான காகிதத்தைக் காட்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நட்டுக்கு அடுத்தது விரிசல். பழைய இரும்புக் கடையில் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் நான் கிட்டவே போக மாட்டேன். மேலே நீலப் பெயின்ட், உள்ளே பட்டி. துருப்பிடித்த வைஸ் பொய் சொல்லாது. சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று இருக்கும், விரிசல் விட்டது மொத்தையாகச் சத்தம் தரும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் டீசல் தடவி ஐந்து நிமிஷம் விட்டுத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த டீசல் வெள்ளைக்கு நடுவே ஒரு கோடாகக் கசிந்து வரும். அடிப்பாகத்தின் போல்ட் காதுகள், பின்தாடையின் கழுத்து, முன்தாடையோடு சேர்ந்த தண்டின் அடிப்பக்கம், இந்த மூன்று இடங்களிலும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஹேண்டில் வளைந்திருந்தால் அதுவும் ஒரு தகவல். யாரோ பைப்பைச் சொருகி முடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹேண்டிலை ஓரளவு மெலிதாகச் செய்வதே வார்ப்பு உடைவதற்கு முன்னால் அது வளையட்டும் என்றுதான். தடித்த கம்பியை ஹேண்டிலாக மாற்றிப் போட்டிருந்தால் இன்னும் உஷாராகப் பார்ப்பேன்.

என் ரெக்கார்டில் நட் நன்றாக இருந்தது, ஒரு போல்ட் காதுதான் உடைந்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வெல்டிங் கடைக்காரர் சாதாரண ராடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் முடுக்கியதும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதுசாக விரிசல் விட்டுவிட்டது. வார்ப்பிரும்பில் கார்பன் இரண்டு முதல் நாலு சதவீதம் வரை இருக்கும். உருகிய இடத்தைச் சுற்றிச் சட்டென்று ஆறினால் அந்தப் பகுதி கடினமாகி நொறுங்கிவிடும். பிறகு மூலக்கொத்தளம் பக்கம் எஞ்சின் பிளாக் ஒட்டுகிற ஒரு பெரியவர் சரி செய்து கொடுத்தார். முதலில் முழுத் துண்டையும் சூடாக்கினார். நிக்கல் ராடில் ஒரு அங்குலம் ஓட்டுவார், உடனே சின்னச் சுத்தியலால் தட்டுவார், அப்புறம் அடுத்த அங்குலம். முடிந்ததும் சுண்ணாம்புத் தூளில் புதைத்து, “நாளைக்குக் காலையில வாப்பா, நடுவுல தோண்டாத” என்று அனுப்பிவிட்டார். அந்தக் காது இன்றுவரை நிற்கிறது. தாடையோ தண்டோ உடைந்திருந்தால் இவரிடம்கூடக் கொண்டுபோக மாட்டேன். சுத்தியல் அடி விழும் இடத்தில் ஒட்டு வேலை வேண்டாம்.

பார்க்கின்சன் வேறு ரகம். இங்கிலாந்தில் ஷிப்லி என்ற ஊரில் செய்தது. ஹேண்டிலுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தினால் நட் ஸ்பிண்டிலை விட்டு விலகும், தாடையை அப்படியே கையால் இழுத்துவிடலாம். விட்டதும் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை பழகிவிட்டால் மற்ற வைஸைத் திருகிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. ஆனால் இது முழு நட் இல்லை, பாதி நட். அது தேய்ந்தால் பலமாக முடுக்கும்போது ‘டக்’ என்று ஒரு பல் நழுவும். என்னுடையது வாங்கும்போதே நழுவியது. அதைச் சொல்லித்தான் விலையைப் பாதியாக்கினேன்.

கடைசல் பட்டறை அண்ணனிடம் ஸ்பிண்டிலோடு கொண்டுபோனேன். ஸ்பிண்டில் இல்லாமல் மரை வெட்டக் கொடுப்பது வீண்வேலை. கன்மெட்டலில் முழு நட்டாகக் கடைந்து மரை வெட்டி, பிறகு நடுவில் அறுத்தார். ஒரு பாதி வேலைக்கு, மறு பாதி ஸ்பேருக்கு. ஒரு நட் கூலியில் இரண்டு. கன்மெட்டல் வெண்கல ரகம், இரும்பு ஸ்பிண்டிலைத் தின்னாது, தேய்ந்தால் நட்தான் தேயும். முழு மரை வைஸுக்கும் இதே வைத்தியம்தான். வைஸ் வாங்கிய காசைவிட நட்டுக்கு ஆன செலவு அதிகம். ஆகவே நல்ல நட் உள்ள வைஸுக்குக் கடைக்காரர் இருநூறு முந்நூறு கூடுதலாகக் கேட்டால் நான் பேரம் பேசுவதில்லை.

துரு எடுக்க ஆசிட் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். நெகடிவ் வைஸுக்கு, பாசிடிவ் ஏதாவது ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் வைஸ் கரையும், தகடு பளபளக்கும். எவர்சில்வர் தகடு போடவே கூடாது, அதிலிருந்து விஷமுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழியிட்டு வருவதால் மொட்டை மாடியில் வைத்துச் செய்கிறேன். ஸ்பிரிங் இருந்தால் முதலிலேயே கழற்றிவிட வேண்டும், ஹைட்ரஜன் ஏறி உடைந்துபோகும். இப்போது வரும் புது சார்ஜர்கள் சில, பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்து ஓடவே மாட்டேன் என்கின்றன, பழசுதான் தோது.

கடல் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து வரும் காற்றில் அரம் போட்ட இடம் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகிவிடும். மரைக்குள் கிரீஸ், சறுக்கும் தண்டுக்கு மெல்லிய எண்ணெய், இதுதான் என் வழக்கம். தண்டிலும் கிரீஸ் பூசுகிறார்கள். அதில் அரப்பொடி ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதையாகிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பின்கட்டில் இடுப்பளவு தண்ணீர், மூன்று வைஸும் முழுகிக் கிடந்தன. கழற்றிக் கழுவி, காயவைத்து, கிரீஸ் போட்டேன். மோட்டார் போனது, டிரில்லிங் மெஷின் போனது. வைஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கால் வைஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வார்ப்பில்லை, அடித்துச் செய்த இரும்பு. அதன் நீண்ட கால் தரையில் ஊன்றி நிற்பதால் சுத்தியல் அடி தரைக்குப் போய்விடும். கம்பி வளைக்க, சூட்டில் அடிக்க இதைவிட நல்லது கிடையாது. தாடை ஒரு கீலில் ஆடுவதால் ஒரே ஒரு அகலத்தில்தான் நேராகப் பிடிக்கும். ஆகவே அரம் போடும் வேலைக்கு ஆகாது. பழைய கால் வைஸ்களில் நட்டின் உள்மரையைத் தனியாகச் செய்து பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். திருகு இறுகியிருக்கிறது என்று அந்த இடத்தில் கேஸ் டார்ச் காட்டினால் மரை கையோடு வந்துவிடும்.

இனி அந்தப் புது வைஸ். கம்பெனிப் பேர் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருந்தது. தாடைத் தகட்டில் அரம் வழுக்க வேண்டும், இதில் கடித்தது. பதம் போடவே இல்லை. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சாமானைக் கவ்வினால் முன்தாடை கோணிக்கொள்ளும். எந்த வைஸும் கொஞ்சம் கோணும், மறு ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு வைத்தால் சரியாகும். இது அப்படி வைத்தும் கோணியது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் மரை பாதி ஆழம்தான் வெட்டியிருந்தார்கள். அண்ணன் பையனுக்குச் சைக்கிள் வேலைக்குக் கொடுத்துவிட்டேன், அந்த அளவுக்குத் தாங்குகிறது. புதிது எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. கடையிலேயே கழற்றிப் பார்க்க விடுகிற இடத்தில் வாங்குங்கள்.

சேகரிப்பு என்ற பேரில் நெட்டில் மணிக்கணக்கில் பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் வில்ட்டன் என்று ஒன்று, 1941இல் சிகாகோவில் தொடங்கியது. பழையவற்றின் தண்டுக்கு அடியில் ஒரு தேதி குத்தியிருக்கும். பலபேர் அதைச் செய்த தேதி என்று நினைக்கிறார்கள். அது ஐந்து வருஷ கேரண்டி முடியும் தேதியாக இருந்தால் ஐந்தைக் கழித்துத்தான் வயசு பார்க்க வேண்டும். நான் இங்கே ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

தாடைத் தகடு தேய்ந்துபோயிருந்தால் கவலைப்பட வேண்டாம். ஈ.என்.8 என்ற ரக எஃகுப் பட்டையை அறுத்து, ஓட்டை போட்டு, பதம் போட்டு வாங்குவதற்குப் பெரிய செலவில்லை. ஸ்க்ரூவில்தான் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலேய வைஸில் இருப்பது விட்வொர்த் மரை. 5/16 அங்குல ஓட்டையில் மெட்ரிக் அளவான எம்8 ஸ்க்ரூ இரண்டு சுற்று உள்ளே போகும், சரியாக இருப்பது போலவே தோன்றும். விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 18 மரை, எம்8இல் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர், மூன்றாவது சுற்றில் சிக்கும், பலமாக முடுக்கினால் வார்ப்பில் இருக்கும் மரை போச்சு. லிங்கி செட்டி தெருவில் பி.எஸ்.டபிள்யூ. (விட்வொர்த் மரை) ஸ்க்ரூவும், அந்த மரையை வெட்டும் டேப்பும் இன்னும் கிடைக்கின்றன. பழைய ஸ்க்ரூ ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள்.