வீட்டில் டி-ஷர்ட் ஸ்கிரீன் பிரிண்டிங்: துவைத்துத் துவைத்துப் பார்த்த அனுபவம்

முதல் டி-ஷர்ட் எல்லோருக்குமே அழகாகத்தான் வரும். ஒரு வருஷம் வாஷிங் மெஷினில் சுழன்ற பிறகு அது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் (வலைத்துணி) வழியாக மையைத் தள்ளி டிசைன் அடிக்கும் இந்த வேலையைச் சென்னையில் மாடி அறையில் செய்யத் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் இப்போது பேசலாம்.

வெள்ளைத் துணியில் கறுப்பு பிக்மென்ட் மையால் (தண்ணீர் மை) அடித்தவை லேசாக வெளுத்திருக்கின்றன, அவ்வளவுதான். வெடிப்பு இல்லை, தொட்டால் மை இருப்பதே தெரியாது. கறுப்புத் துணியில் வெள்ளை அடித்தவை வேறு கதை. ஒரு கோட் போதாது. ஒன்று அடித்து, சூடுகாட்டி உலர்த்தி, துணியை அசைக்காமல் மேலே இன்னொன்று அடிக்க வேண்டும். மை பிடிக்க இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றியவை சில மாதத்தில் வெடித்தன, ஹீட் பிரஸ்ஸில் (சூடான தகட்டால் அழுத்தும் மெஷின்) வைத்தவை நிற்கின்றன. பிளாஸ்டிசால் மை (பிளாஸ்டிக் கலந்தது) வாங்கினால் ஹீட் பிரஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். மையின் அடிவரை சுமார் 160 டிகிரி சூடு இறங்க வேண்டும், இஸ்திரிப் பெட்டியில் அது சீராக வராது.

துணிக்கு 43டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 43 இழை) சரியாக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் நெருக்கமான மெஷ்ஷில் துணிக்குத் தேவையான அளவு மை இறங்காது. மெஷ்ஷில் பூசும் எமல்ஷன் ஒளி பட்டால் கெட்டியாகும்; அதற்காகக் கடையில் அதோடு பைக்ரோமேட் கலக்கச் சொல்வார்கள். மலிவுதான், ஆனால் குரோமியம் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது எதற்கு? குரோமியம் இல்லாத டயசோ வகை கொஞ்சம் விலை கூட, பரவாயில்லை.

எமல்ஷன் பூசிய ஸ்கிரீனில் டிசைன் ஃபிலிமை வைத்து ஒளி காட்டினால், ஃபிலிம் மறைத்த இடம் மட்டும் கழுவும்போது கரைந்து மை இறங்க வழி விடும். இதற்கு ஸ்கிரீனை வெயிலில் காட்டி எடுக்கலாம் என்பார்கள். எடுக்கலாம். ஆனால் ஒரு மேகம் குறுக்கே வந்தால் கணக்கு போச்சு. 50 வாட் யுவி எல்இடி விளக்கு ஒன்று வாங்கிய பிறகு அந்தத் தலைவலி தீர்ந்தது. விளக்கின் உயரத்தை மாற்றாமல், மறைக்கும் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒரே ஸ்கிரீனில் வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்த்தால் எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எமல்ஷன் காய்வதே பெரும்பாடு. முழுதாகக் காயாமல் ஒளி காட்டினால் கழுவும்போது டிசைனைச் சுற்றி நிற்க வேண்டிய எமல்ஷனும் சேர்ந்து போய்விடும். மூடிய அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு ராத்திரி வைக்கிறேன்.

கோடையில் தொல்லை நேர் எதிர். தண்ணீர் மை மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் மையை ஸ்கிரீன் மேல் பரப்பி வைத்தால் கொஞ்சம் தாங்கும்.

செலவைப் பார்த்தால், ஒரே ஒரு பிறந்தநாள் டி-ஷர்ட்டுக்கு இது வேண்டாம். போட்டோ, பல வண்ணம் என்றால் டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் ஒட்டுவது) கடையில் கொடுத்துவிடுங்கள். ஒரே டிசைன், ஒன்றிரண்டு நிறம், பத்துக்கு மேல் உருப்படி என்றால் ஸ்கிரீன் லாபம். வாங்குவதாக இருந்தால் மரச்சட்டம் மட்டும் வேண்டாம், தண்ணீர் பட்டுப் பட்டுக் கோணி மெஷ் தளர்ந்துவிடுகிறது. அலுமினியம் எடுங்கள்.