ஓவிய வகுப்புக்குப் போகுமுன்: ஃபேபர்-காஸ்டல் நீடபிள் ரப்பர்

ஓவிய வகுப்பில் சேர்பவர்கள் பென்சிலுக்குத் தாராளமாகச் செலவு செய்வார்கள். ரப்பர் மட்டும் வீட்டில் கிடந்த வெள்ளை ரப்பராகவே இருக்கும். ஆரம்பத்தில் எச்பி, 2பி, 4பி மூன்றே போதும். மிச்சக் காசில் ஃபேபர்-காஸ்டலின் சாம்பல் நிற நீடபிள் ரப்பரை, அதாவது பிசைந்து உருமாற்றக்கூடிய ரப்பரை வாங்குங்கள். படம் தேறுவதற்கு எட்டாவது பென்சிலைவிட இது உதவும்.

மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. புதிதில் விறைப்பாக இருக்கும். சப்பாத்தி மாவுபோல் ஓரிரு நிமிடம் இழுத்து மடித்துப் பிசைந்தால்தான் வேலைக்கு ஆகும். இதைத் தேய்க்கக் கூடாது. தாளில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். பென்சில் கரியான கிராஃபைட் துகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். துருவல் உதிராததால், கையால் தட்டிவிடப்போய் நிழலை ஈஷிக்கொள்ளும் தொல்லை இல்லை.

குவளை, முகம் வரையும்போது முதலில் போடும் அளவுக் கோடுகளை முழுதாக அழித்தால் உருவமும் சேர்ந்து போய்விடும். ரப்பரை விரல் கனத்தில் உருட்டி, படத்தின்மேல் ஒருமுறை உருளவிடுங்கள். கோடுகள் மங்கி நிற்கும். அவற்றின்மேல் சரியான கோட்டைத் தைரியமாகப் போடலாம்.

இதன் முழு அருமை தெரிவது உருண்டைக்கு நிழல் போடும்போதுதான். வெளிச்சம் படும் இடத்தை வெள்ளையாக விட்டுச் சுற்றிலும் தீட்டினால், அந்த விளிம்பு கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். எச்பியால் உருண்டை முழுக்க மெல்லிய நிழல் போட்டுவிடுங்கள். ரப்பரைக் கூம்பாகக் கிள்ளி, வெளிச்சப் புள்ளியில் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் நுனியை உள்ளே மடித்துப் புது முனை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த கரியே திரும்பத் தாளில் படியும். நிழல் பக்கத்து ஓரத்தில் தெரியும் எதிரொளிக்கு (சுற்றியுள்ள பரப்பில் பட்டுத் திரும்பும் மங்கல் வெளிச்சத்துக்கு) ஒரே ஒற்றுதான். அதை வெளிச்சப் பக்கத்துக்கு நிகராக வெளுக்கவிட்டால் உருண்டை தட்டையாகிவிடும்.

குறைகளும் உண்டு. 6பி, 8பி போன்ற மிகக் கருமையான பென்சில் கொண்டு அழுத்திப் போட்ட கோட்டை இது மங்கச் செய்யுமே தவிர எடுக்காது. தாளில் விழுந்த பள்ளத்தை எந்த ரப்பராலும் சரிசெய்ய முடியாது. கலர் பென்சிலின் மெழுகும் முழுசாக வராது. பெரிய இடத்தைப் பளிச்சென்று வெள்ளையாக்க, அப்சரா நான்-டஸ்ட் போன்ற சாதாரண ரப்பர்தான் சரி. ஆக இரண்டும் வேண்டும். கோடை வெயிலில் நீடபிள் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும்; வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். எண்ணெய்க் கையோடு பிசைந்தால் தாளில் கறை விழும். அதன்மேல் பென்சில் ஒழுங்காகப் பிடிக்காது.

கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே வரை கறுத்து, பிசைந்தும் கரி எடுக்காமல் போனால் புதிதுதான் வாங்க வேண்டும். சார்க்கோலும் (கரிக்குச்சியால் வரைவது) கற்றுக்கொள்பவர்கள் ரப்பர் கட்டியை முதலிலேயே இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைச் சார்க்கோலுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.