ஓடிபி யாருடைய கைபேசிக்கு வந்தது?

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் சிறிய கடை எங்களுடையது. "கணினி அறிவே வேண்டாம், இரண்டே நாளில் உங்கள் இணையதளத்தை நீங்களே அமைக்கலாம்" என்ற துண்டறிக்கையை நம்பி, சென்ற ஆண்டு ஆவணி மாதம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஓராண்டுக்கான டொமைனும் (இணையதள முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) கட்டணத்தில் அடக்கம் என்றார்கள்.

வகுப்பு மோசம் என்று சொல்லமாட்டேன். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் படம் ஏற்றவும் விலை எழுதவும் பொறுமையாகவே சொல்லித் தந்தார்கள். நான் ஏமாந்தது முதல் நாள் மாலை, டொமைனைப் பதிவு செய்த இடத்தில். "அதெல்லாம் உங்களுக்குச் சிரமம் அண்ணாச்சி" என்று பயிற்றுநர் தம்முடைய மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையுமே கொடுத்தார். ஓடிபி அவருடைய கைபேசிக்கு வந்தது. அவர் ஒவ்வோர் எண்ணாக வாசிக்க, நான் என் விரலால் தட்டினேன். நானே செய்துவிட்டேன் என்ற பெருமையில் அன்று வீட்டுக்குக் கால் கிலோ மிக்சர் வேறு வாங்கிச் சென்றேன்.

இந்த ஆவணியில் புதுப்பிக்க 14,000 ரூபாய் கேட்டார்கள். அதில் பாதுகாப்புச் சான்றிதழுக்கு மட்டும் 3,500. அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகவே வழங்குகிறது என்பதும், 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ்ஸே இலவச மென்பொருள்தான் என்பதும் சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரி, வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றால், அதற்கு வேண்டிய குறியீட்டை டொமைன் பதிவான கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும்; கணக்கோ அவருடையது. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை ஓரெழுத்துப் பிசகாமல் நெய்கிற என் உம்மா, "நம்ம கடைப் பேர அவன் பேருலயா எழுதிக் குடுத்தே?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்படி ஒரு வகுப்பில் சேர நினைப்பவர்கள், டொமைன் தங்கள் மின்னஞ்சலிலும் தங்கள் கைபேசி எண்ணிலும் பதிவாகிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, உங்கள் கைபேசியில் ஒரு முறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகே வகுப்பிலிருந்து எழுந்திருங்கள். ரசீதில் டொமைன் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். என் ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்று மட்டுமே இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டுதான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

புதிய இணையதள முகவரி ஒன்றை என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். பழைய முகவரியோடு அச்சடித்த 1,000 விசிட்டிங் கார்டுகளில் பாதிக்குமேல் மீதமிருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் பேனாவால் அடித்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கொடுக்கிறேன்.